குப்பைக்குக் கொடுத்த காசு

நான் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் நடுத்தரமான கம்பெனி. ஸ்டோர்ஸில் சேர்ந்தேன், 2004-ல் அட்மின் பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்தார்கள், 2018-ல் ஓய்வு. திருவள்ளூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் பெரியபாளையம், ஜனப்பன்சத்திரம் கூட்டுரோடு, கவரைப்பேட்டை என்று தினமும் போய் வந்த காலத்தைப் பற்றி இங்கே முன்பே எழுதியிருக்கிறேன். கேன்டீன், பஸ், செக்யூரிட்டி, தோட்டம், குப்பை இந்த ஐந்தும் என் தலையில் இருந்தன. முதல் நான்கைப் பற்றி மீட்டிங் மீட்டிங்காகப் பேசுவார்கள். சாம்பார் தண்ணியாக இருந்ததற்கு யூனியன் கடிதமே கொடுத்தது. குப்பையைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். கண்ணில் படாமல் போனால் போதும், அவ்வளவுதான்.

இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. என் தங்கை மகன் காக்களூர் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பவுடர் கோட்டிங் யூனிட் நடத்துகிறான். போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தவன், "மாமா, மாசம் பதினெட்டாயிரம் குப்பைக்கே போவுது. கம்மி ரேட்டுக்கு எடுக்கற ஆளு யாராவது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். ஆளை மாற்றுவது கடைசியில் செய்கிற வேலை மாப்ளே, அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது என்று ஆரம்பித்தேன். ராத்திரி பத்தரை ஆகிவிட்டது. இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் சின்னத் தொழில் நடத்துகிறவர்களும், பிள்ளைகள் நடத்துவதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறவர்களும் இருப்பீர்கள் என்பதால் அன்று சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த எண்பதுகளில் குப்பைக்குச் செலவு என்று ஒன்றும் கிடையாது. பின்பக்கம் காலி மனை. அதில் கொட்டினால் முடிந்தது. பெயின்ட் ஷாப்பின் சேறும் அங்கேதான், டீ கிளாஸும் அங்கேதான். 1984-ல் போபால் நடந்தது. 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1989-ல் அபாயகரமான கழிவுகளுக்கென்று தனி விதிகள் வந்தன. விதி வந்துவிட்டது, ஆனால் கழிவைக் கொண்டு போய்ச் சேர்க்க இடம் இல்லை. மூட்டை மூட்டையாகக் கட்டி ஷெட்டில் அடுக்கி வைத்துக்கொண்டு எல்லாக் கம்பெனிகளும் முழித்தன. 2003-ல் உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தில் கடுமையாக உத்தரவு போட்ட பிறகுதான் வேகம் பிடித்தது. கடைசியில் நம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள்ளேயே பொதுக் கழிவு மையம் வந்தது. அடியில் கனமான பிளாஸ்டிக் விரிப்பும் களிமண்ணும் போட்டு, கசிகிற நீரைத் தனியாகப் பிடித்து, மேலே மூடி வைக்கிற புதைகுழி. தூரத்து ஊர்க்காரர்களுக்கு ஆகிற லாரி வாடகை நமக்கு மிச்சம். ஆனால் அங்கே எல்லாமே எடைக்குக் காசு. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

தொழிற்சாலைக் குப்பையில் ரெண்டு ஜாதி. ஒன்று சாதாரணக் குப்பை: அட்டைப்பெட்டி, மரப்பலகை, பிளாஸ்டிக் கவர், கேன்டீன் எச்சில், தோட்டத்துச் சருகு. இன்னொன்று விதியில் பட்டியல் போட்டு வைத்திருப்பது: எண்ணெய் துடைத்த துணி, பெயின்ட் கசடு, கழிவுநீர் சுத்திகரிப்பில் வரும் ஸ்லட்ஜ், கெமிக்கல் வந்த காலி டிரம். முதல் ஜாதியில் பாதிக்கு நமக்கே காசு வரும். இரண்டாவதற்கு நாம்தான் காசு கொடுக்க வேண்டும், அதுவும் கிலோவுக்கு இவ்வளவு என்று. இரண்டும் கலந்தால் எல்லாமே இரண்டாவது ஜாதி. பணம் போகிற முதல் ஓட்டை இதுதான். ரேட்டில் இல்லை.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது கன்சல்டன்ட் இல்லை. ஹவுஸ்கீப்பிங்கில் இருந்த ஒரு அம்மா, கவரைப்பேட்டைக்காரர். நான் பொறுப்பு எடுத்த முதல் வாரம் ஷாப் ஃபுளோரில் ஒரு டிரம்மைக் கவிழ்த்துக் காட்டினார். "பாருங்க சார், மேல ஒரு பிடி எண்ணெத் துணி. கீழ மொத்தமும் நல்ல அட்டப் பொட்டி. இதப் போயி விஷக் குப்பையின்னு எழுதி அனுப்பறாங்க. பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டா டீ செலவுக்காவது ஆவும்." அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு ஒரு வாரம் டெஸ்பாட்ச் தராசைப் பின்பக்கம் நகர்த்திப் போட்டு, வெளியே போகிற ஒவ்வொரு மூட்டையையும் பிரித்து எடை போட்டோம். அக்கவுன்ட்ஸில் சிரித்தார்கள். விஷக் குப்பை என்று பில் ஆனதில் உண்மையான விஷம் பாதிகூட இல்லை.

சரி, பிரித்துப் போடுங்கள் என்று சொன்னால் நடந்துவிடுமா? கலர் கலராக நாலு டிரம் வாங்கி வரிசையாக வைத்தோம். பகல் ஷிஃப்டில் கொஞ்சம் நடந்தது. நைட் ஷிஃப்டில் எது கிட்டே இருக்கிறதோ அதில்தான் எல்லாம் விழும். மெஷினை விட்டு நாற்பதடி நடந்து வந்து எண்ணெய்த் துணியைச் சிவப்பு டிரம்மில் போட ஆபரேட்டருக்கு என்ன தலையெழுத்தா? கடைசியில் அந்த அம்மாவே வழி சொன்னார். எண்ணெய்த் துணிக்கு மட்டும் சின்னதாக மூடி போட்ட டப்பா, மெஷினுக்கு மெஷின், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில். மற்ற டிரம்களை எல்லாம் கதவோரம் தள்ளிவிட்டோம். ரெண்டு மாசத்தில் சரியாகிவிட்டது. துணி என்று சொன்னேனே, அது திருப்பூரிலிருந்து மூட்டையாக வருகிற பனியன் வேஸ்ட். இஷ்டத்துக்கு எடுத்துத் துடைக்காமல், ஷிஃப்டுக்கு இத்தனை கிலோ என்று ஸ்டோர்ஸில் எடை போட்டுக் கொடுத்தோம். உள்ளே வருவது குறைந்தால் வெளியே போவதும் தானாகக் குறையும்.

அடுத்தது டிரிப் கணக்கு. சாதாரணக் குப்பை எடுக்கிறவர் டிப்பருக்கு இத்தனை ரூபாய் என்று வாங்கிக்கொண்டிருந்தார். வாரத்தில் ரெண்டு நாள், குப்பை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டி வரும். ஒருநாள் பாதி வண்டியோடு கேட்டைத் தாண்டப் போனதை நிறுத்தி, ஏன்பா, ரொம்பின பிறகு எடுத்துக்கிட்டுப் போகக் கூடாதா என்று கேட்டேன். டிரைவர் ரொம்ப நியாயமாகச் சொன்னார்: "சார், ரொம்பினாலும் டிரிப்பு டிரிப்புதான், ரொம்பலைன்னாலும் டிரிப்பு டிரிப்புதான். எனக்கு என்ன வந்துச்சு?" அவர் மேல் தப்பே இல்லை. ஒப்பந்தம் அப்படி எழுதியிருந்தது. வண்டியில் ஏறியதில் முக்கால்வாசி காற்று. அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கிக் கட்டுவது, மரப்பலகையின் ஆணியைப் பிடுங்கி அடுக்குவது என்று ரெண்டு பேரைப் போட்டோம். மாதம் எட்டு டிரிப் ஐந்தானது. பலகைக்கு அக்கம்பக்கத்துச் செங்கல் சூளைக்காரர்கள் காசு கொடுத்தே வாங்கிக்கொண்டார்கள். (பெயின்ட் கொட்டிய பலகை இதில் சேர்த்தி இல்லை. அதை எரித்தால் புகை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான்.)

கேன்டீன் குப்பையைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றும் இல்லை. இலை மாட்டுக்குப் போயிற்று, சோறு பன்றி வளர்க்கிறவர் எடுத்துக்கொண்டார். காய்கறித் தோலைத் தோட்டத்திலேயே குழி வெட்டி உரமாக்கினோம். 2016-ல் வந்த திடக்கழிவு விதிகள் ஒரு நாளைக்குச் சராசரி 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்குகிறவர்களை மொத்தக் கழிவு உற்பத்தியாளர் என்று தனியாக வைத்து, பிரித்துக் கொடுக்கிற கடமையை ஏற்றின. எங்களுக்கு அதனால் புதிதாகச் செலவு எதுவும் வரவில்லை.

ஸ்லட்ஜுக்கு வருகிறேன். தங்கை மகனுக்கு அதிகம் பிரயோஜனப்பட்டது இதுதான். பவுடர் கோட்டிங்குக்கு முன்னால் இரும்பை பாஸ்பேட் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். அதன் அடியில் ஒரு சேறு தங்கும். கழுவின தண்ணீரைச் சுத்தம் செய்தால் இன்னொரு சேறு. பார்வைக்குக் கெட்டியாகத் தெரியும், கையில் எடுத்தால் (கையுறையோடுதான்) தயிர் மாதிரி இருக்கும். அதில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 கிலோ சேறு என்றால் 200 கிலோதான் சரக்கு, 800 கிலோ தண்ணீர். அதையே உலர்த்தித் தண்ணீரைப் பாதி பங்குக்குக் கொண்டு வந்தால் 200 கிலோ சரக்குக்கு 200 கிலோ தண்ணீர், மொத்தம் 400 கிலோ. எண்பதை ஐம்பதாக்குவது கேட்பதற்குச் சின்ன மாற்றம்; எடை பாதிக்கும் கீழே போய்விடுகிறது. தண்ணீரை லாரியில் ஏற்றி, கிலோவுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் புதைப்பதைப் போல் அநியாயச் செலவு வேறு இல்லை. பெரிய கம்பெனிக்கு ஃபில்டர் பிரஸ் இருக்கும். இல்லாதவர்களுக்கு, மண்ணில் இறங்காத சிமென்ட் தளமும், மணலும் ஜல்லியும் போட்ட உலர்த்தும் தொட்டியும், மேலே வெளிச்சம் விடும் ஷீட்டும் போதும். வடிகிற நீர் மறுபடி சுத்திகரிப்புக்கே போக வேண்டும். நம் ஊர் வெயில் மார்ச்சிலிருந்து ஜூலை வரை சும்மா கிடைக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: விதிப்படி பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. காயட்டும் காயட்டும் என்று வருஷக் கணக்கில் போட்டு வைத்தால் அது வேறு வழக்கு.

கூரை என்றேன். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் மழை எப்படிக் கொட்டும் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. 2015 வெள்ளத்தை விடுங்கள், சாதாரண வருஷத்திலேயே திறந்த தொட்டியில் கிடக்கிற குப்பை ஊறிக் கனத்துப் போகும். எங்கள் பழைய பில்களைப் புரட்டிப் பார்த்ததில் ஒவ்வொரு வருஷமும் நவம்பரில் எடை ஏறியிருந்தது. உற்பத்தி ஏறவில்லை. மேலே தகரம் போட ஆன செலவு ரெண்டு மழைக்காலத்தில் திரும்பி வந்தது.

ஒப்பந்தத்தையும் ஒருதடவை உட்கார்ந்து வாசித்தேன். அதற்கு முன் அதைக் கடைசியாக வாசித்தவர் டைப் அடித்தவராகத்தான் இருக்க வேண்டும். வருஷம் பிறந்தால் நூற்றுக்குப் பத்து தானாக ஏறும். மூன்று மாதம் முன்னால் எழுதிக் கொடுக்காவிட்டால் தானாகப் புதுப்பிக்கும். டீசல் ஏறினால் ரேட் ஏறும். இறங்கினால்? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். அதன்பின் சில மாதம் விலை இறங்கிக்கொண்டே வந்தது. புது ஒப்பந்தத்தில் நாங்கள் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே கணக்கு என்று எழுதியிருந்ததால் அந்த மாதங்களில் பில் குறைந்தது. கான்டிராக்டர் முகம் சுளித்தார், ஆனால் கொடுத்தார். ஏறினபோது நாங்கள் முகம் சுளிக்காமல் கொடுத்தோமே. எடையையும் அவர் சொல்கிற எடை மேடையில் மட்டும் போடாமல், வெறும் வண்டி, ஏற்றின வண்டி ரெண்டையும் அதே நாளில் போட்ட சீட்டு இல்லாமல் பில் பாஸாகாது என்று வைத்தோம். டிரைவரும் கிளீனரும் காலி வண்டியில் உட்காரவில்லை, பாரம் ஏற்றிய பிறகு உட்கார்ந்தார்கள் என்றால் நூற்றைம்பது கிலோ அங்கேயே கூடுதல்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வருஷம் முழுக்க மூலையில் கிடந்தது எல்லாம் அந்த ஒரு வாரத்தில் வெளியே வரும். எக்ஸ்ட்ரா டிரிப், எக்ஸ்ட்ரா அள்ளுகூலி, அவசரத்துக்கு இரட்டை ரேட். அந்த அவசரத்தில் குப்பையோடு குப்பையாகச் செம்பு வயர், பித்தளைப் புஷ், நல்ல பேரிங்கூடப் போய்விடும். தெரியாமல் போனதா, தெரிந்தே போனதா என்று நான் ஆராயவில்லை. ஸ்டோர்ஸ் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்காமல் அந்த வாரம் வண்டி ஏறக் கூடாது என்று மட்டும் சொன்னேன். அதோடு நின்றது. நல்ல பூசணிக்காய் உடைத்துக் கம்பெனிக்குத் திருஷ்டி கழிக்கிறோம், பின்பக்கம் வழியாகச் செம்பு போகிறது!

இவ்வளவும் செய்த பிறகுதான் ரேட் பேச உட்கார வேண்டும். அதிலும் ஒரு எல்லை உண்டு என்று தங்கை மகனிடம் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். ஏனென்றால் அவனிடம் ஏற்கெனவே ஒருத்தர் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார்: ஸ்லட்ஜை மூன்றில் ஒரு பங்கு ரேட்டுக்கு எடுக்கிறேன், ராத்திரி வண்டி அனுப்புகிறேன், பேப்பர் எதுவும் வேண்டாம் என்று.

பேப்பர்தான் இங்கே எல்லாம். 2016 விதிகளின்படி அபாயகரமான கழிவு கேட்டைத் தாண்டினால் அதோடு ஏழு பிரதி உள்ள ஒரு சீட்டு போக வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு கலர். வெள்ளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு, மஞ்சள் நம்மிடம், மற்றவை வண்டியோடு. கழிவு போய்ச் சேர்ந்த பிறகு, பெற்றுக்கொண்டவர் கையெழுத்துப் போட்டு நீலக் கலர் பிரதியை நமக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். நீலம் வந்தால்தான் நம் சரக்கு போக வேண்டிய இடத்துக்குப் போனது, இத்தனை கிலோ என்று அர்த்தம். நீலம் வராமல் எந்த பில்லுக்கும் நான் பணம் விட்டதில்லை. தாள் போய்க் கம்ப்யூட்டர் வந்தாலும் கணக்கு அதேதான். நம்மிடம் புறப்பட்ட எடைக்கும் அங்கே சேர்ந்த எடைக்கும் வித்தியாசம் இருந்தால், ஒன்று பில்லில் தப்பு, இல்லையென்றால் வழியில் தப்பு. இரண்டாவதுதான் பயம்.

வழியில் கொட்டிவிட்டுப் போனால் யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைப்பார்கள். 2024 டிசம்பரில் திருநெல்வேலி பக்கம் கொடகநல்லூர், நடுக்கல்லூரில் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொண்டு வந்து கொட்டினதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். கண்டுபிடித்தது எப்படி? குப்பைக்குள்ளேயே ஆஸ்பத்திரிச் சீட்டுகள் கிடந்தன. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட, கேரளத்திலிருந்தே அதிகாரிகளும் லாரிகளும் வந்து அள்ளிக்கொண்டு திரும்ப வேண்டியதாயிற்று. குப்பை பேசும். அதில் பெயர் இருக்கும், பேட்ச் நம்பர் இருக்கும், மூட்டையில் கம்பெனி முத்திரை இருக்கும்.

நம் மாவட்டத்தில் இது இன்னும் பெரிய விஷயம். பூண்டி, சோழவரம், புழல் மூன்றும் இங்கேதான். 2020-ல் கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கமும் சேர்ந்தது. அது கும்மிடிப்பூண்டி தாலுகாவிலேயே இருக்கிறது. சென்னை குடிக்கிற தண்ணீர் நம் ஏரிகளில் தங்கிப் போகிறது. மிச்சம் ஆரணியாறு வழியாகப் பழவேற்காட்டுக்குப் போய் இறால் பிடிக்கிறவர்கள் வயிற்றில் முடிகிறது. ராத்திரி வண்டி எங்கே கொட்டும் என்று நினைக்கிறீர்கள்? ஆள் நடமாட்டம் இல்லாத இடம் என்றால் நம் பக்கம் ஏரிக்கரைதான்.

எங்கள் கம்பெனிக்கு ரெண்டு தெரு தள்ளி இருந்த ஒரு யூனிட் அப்படிக் கொடுத்தது. பெயர் வேண்டாம், அதன் முதலாளி ரொம்ப நல்ல மனிதர், ஆட்களுக்குத் தீபாவளி போனஸ் ஒருநாள் தள்ளிக் கொடுத்ததில்லை. யாரோ குறைந்த ரேட் சொன்னார்கள், ஆறேழு மாதம் ராத்திரி டிப்பர் வந்து போனது. கோடையில் ஒரு கிராமத்து ஏரி வற்றினபோது, மாடு மேய்க்கப் போன பையன்கள் பச்சையும் சாம்பலுமாகச் சேறு கிடக்கிறதென்று வந்து சொல்லியிருக்கிறார்கள். பாதி மக்கின கோணியில் பெயர் இருந்தது. ஊர் திரண்டு ரோட்டில் உட்கார்ந்தது. வாரியத்து அதிகாரிகள் வந்தார்கள், கரண்ட்டை வெட்டினார்கள். டிப்பர்காரரைக் கடைசிவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. சீட்டே இல்லையே, யாரென்று தேடுவது? விதிப்படி கழிவு யாருடையதோ அவர் பொறுப்பு தீராது. நூற்றிருபது பேர் இரண்டரை மாதம் வேலை இல்லாமல் இருந்தார்கள். அவர்களில் நாலைந்து பேர் எங்கள் கேட்டுக்கு வந்து தினக்கூலி வேலை கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

பிறகு ஏரியைச் சுத்தம் செய்தார்கள். சேறு மட்டும் தனியாக வருமா? அடியில் முழங்கால் ஆழத்துக்கு மண்ணையும் சேர்த்து வெட்டி எடுத்து, அத்தனையும் விஷக் கழிவு என்று எழுதி, அதே கும்மிடிப்பூண்டி மையத்துக்கு அனுப்பினார்கள். பதினோரு நாள் வண்டி ஓடியது. ஒவ்வொரு வண்டியும் எடை மேடையில் ஏறி இறங்கியது. ஒவ்வொன்றுக்கும் ஏழு கலரில் சீட்டு இருந்தது.